தங்கச் சட்டத்துக்குப் பின்னால் மூன்று பேர்

சட்டம் போடுகிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. சட்டமன்றத்தில் இருப்பவர்கள் அல்ல. திண்டிவனம் கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு டீ குடிப்பவர்களும் அல்ல. நான் சொல்வது ஃபோட்டோவுக்குச் சட்டம் போடுகிறவர்களை. மரச் சட்டமாக இருந்தால்கூட மன்னித்துவிடலாம். அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும், கண்ணாடி பொருத்தும்போது விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டும், அதில் ஓர் உழைப்பு இருக்கிறது. இவர்கள் கம்ப்யூட்டரில் போடுகிறவர்கள். விரலில் ஒரு கீறல் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே உங்களை அருவிக்கு முன்னால் நிறுத்தி, தலைக்கு மேல் இரண்டு புறாக்களைப் பறக்கவிட்டு, காலடியில் ரோஜாவைக் கொட்டி, சுற்றிலும் தங்க விளிம்பு கட்டி, மூலையில் 'ஸ்வீட் மெமரீஸ்' என்று எழுதி, நீங்கள் கேட்காமலேயே உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

தப்பிக்க முடியாது. நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்கிறீர்களா? என் பெயர் இளவழகன். சிரிக்காதீர்கள், பெயர் வைத்தபோது எனக்கு வயது பதினாறு நாள். இந்தக் கதை நடந்த 2013-ல் முப்பத்தாறு வயது. தலை முன்பக்கம் முழுக்கக் காலியாகி, பின்பக்கமும் நோட்டீஸ் கொடுத்திருந்தது. வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில். காலையில் ரயிலில் போய்ச் சாயங்காலம் ரயிலில் திரும்புகிற, யாருக்கும் தொந்தரவில்லாத மனிதனாகத்தான் நானும் இருந்தேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு நண்பன் கொண்டுவந்த டி.வி.டி. ஒன்று என்னைக் கெடுத்தது. அதில் ஐயாயிரம் டெம்ப்ளேட்டுகள் இருந்தன.

டெம்ப்ளேட் என்றால் பயப்பட வேண்டாம். ஆல்பத்தின் ஒரு பக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கும், அவ்வளவுதான். அடியில் வானம், அதன்மேல் அருவி, அதன்மேல் ரோஜா, அதன்மேல் இரண்டு அன்னம், எல்லாவற்றுக்கும் மேலே தங்க விளிம்பு போட்ட சட்டம், சட்டத்துக்கு நடுவே ஓட்டை. ஒவ்வொன்றும் தனித்தனி அடுக்கு; லேயர் என்போம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி. சட்டத்துக்கு அடியில் உங்கள் ஃபோட்டோவைச் செருக வேண்டும். ஓட்டைக்குள் வந்தது தெரியும், வராதது தெரியாது. வெட்டுப்பட்டுப் போவதில்லை, கவனியுங்கள். சட்டத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கும்.

எங்கள் இனத்தின் முதல் அடையாளம், நாங்கள் முதலில் சட்டத்தைத் தேர்ந்தெடுப்போம். பிறகுதான் ஆளைத் தேடுவோம். இருதய வடிவத்தில் ஓட்டை இருந்தால், இருதயத்துக்குள் அடங்குகிற மாதிரி நெருங்கி நிற்கிற தம்பதி வேண்டும். சொந்தக்காரர்களில் அப்படி யாரும் நிற்காவிட்டால் நாங்களே நிறுத்துவோம். "மாமா, இன்னும் கொஞ்சம் அத்தை பக்கம் போங்க. இன்னும். போங்க மாமா, அத்தைதானே!" பேசாமல் இருந்து இருபத்தைந்து வருஷம் ஓட்டிய தம்பதி அன்றைக்குத்தான் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

பக்கத்தில் ஏழு ஓட்டை இருந்து, குழந்தையின் ஃபோட்டோ நான்குதான் இருந்தால்? நாலு ஓட்டை உள்ள டெம்ப்ளேட்டைத் தேடுவோம் என்றா நினைக்கிறீர்கள்? அதே குழந்தையை மூன்று தடவை திரும்பப் போட்டு, கண்டுபிடிக்காமலிருக்க இரண்டை இடவலம் திருப்பிவிடுவோம். என் மைத்துனர் மகளின் முதல் பிறந்தநாள் ஆல்பத்தில் கன்னத்து மச்சம் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறும். ஓய்வு பெற்ற எங்கள் மேலதிகாரி ஒருவருக்கு அன்போடு செய்து கொடுத்த ஆல்பத்தின் அட்டையில், டெம்ப்ளேட்டில் இருந்த 'யுவர் நேம் ஹியர்' என்பதை அழிக்க மறந்துவிட்டேன். அவர் அதை ஏதோ பட்டம் என்று நினைத்து, நன்றி உரையில் நெகிழ்ந்து குறிப்பிட்டார்.

இதையெல்லாம்விட அய்யப்பன் விஷயம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தை ஒட்டிப் புது வீடு கட்டி, வீட்டை ஒரு ஃபோட்டோ எடுத்து, ரயிலில் வரும்போது பெருமையாக எனக்குக் காட்டினார். "பின்னாடி மட்டும் கொஞ்சம் மாத்தித் தர்றேன் சார்" என்றேன். இது எங்கள் இனத்தின் மந்திரம். மூன்றாம் நாள் மாற்றிக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாய்யா இது, பின்னாடி வெள்ளையா?"

"பனி மலை சார். ஸ்விட்சர்லாந்து."

"இங்க ஒரு மலை இருந்துச்சே?"

"அதை எடுத்துட்டேன் சார். வெறும் பாறையா இருந்துச்சு."

"யோவ், அது செஞ்சி மலைய்யா" என்றார் அய்யப்பன். அதன் பிறகு ஒரு மாதம் வேறு பெட்டியில் ஏறினார்.

இப்படிப்பட்டவன் கையில்தான் 1993-ல் பத்தாவது முடித்த எங்கள் வகுப்பின் இருபதாம் ஆண்டுச் சந்திப்பு ஆல்பம் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது என்பது பொய். நானே போய் வாங்கிக்கொண்டேன். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் முருகையன்தான் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவன். அவன் வெறுமனே, "சாப்பாடு போட்டு, ஒரு குரூப் ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டாப் போதும்டா" என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. பன்னிரண்டு பக்கம், பளபளப்புத் தாள், ஆளுக்கொரு காப்பி என்று ஆசை காட்டி, பழைய குரூப் ஃபோட்டோவைத் தேட ஆரம்பித்தேன். யாரிடமும் இல்லை. கடைசியில் எங்கள் வகுப்பாசிரியர் கிருஷ்ணசாமி சார், மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறவர், தன்னிடம் இருந்த ஒரே பிரதியைக் கூரியரில் அனுப்பினார். ஸ்கேன் செய்துகொண்டு திருப்பி அனுப்பிவிட்டேன்.

நல்ல ஃபோட்டோ. பள்ளிக்கூடச் சுவருக்கு முன்னால் மூன்று வரிசை. நாற்காலியில் ஆசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், பெஞ்சின்மேல் ஏறி நின்ற பையன்கள். மாணவ மாணவிகள் மட்டும் முப்பத்திரண்டு பேர். இதற்கு நான் தேர்ந்தெடுத்திருந்த சட்டமோ தங்க வளைவு. இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில். ஃபோட்டோ நீளம், ஓட்டை அகலம் குறைவு. எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் போகும். ஃபோட்டோவைச் சின்னதாக்கினால் மேலும் கீழும் வெள்ளையாகப் பல்லை இளிக்கும். எங்கள் இனத்தில் அதைவிட அவமானம் கிடையாது. வேறு சட்டம் போடலாமே என்கிறீர்களா? மயிலைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள். ஆகவே கலை நோக்கில் தீர யோசித்து, ஃபோட்டோவை இடது பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் இருபத்தாறு பேர் வந்திருந்தோம். ஆல்பத்தை விநியோகித்தேன். எல்லாரும் பழைய குரூப் ஃபோட்டோ இருந்த மூன்றாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துத் தேடினார்கள். "டேய், நான் இங்க இருக்கேன்!" "ஐயோ, என் ஜடையைப் பாரேன்!" தன்னைக் கண்டுபிடித்த கையோடு ஒவ்வொருவரும் ஆல்பத்தை மூடினார்கள். நான் தூணில் சாய்ந்துகொண்டு, பாராட்டு வரும் திசையை எதிர்பார்த்து நின்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். கூடவே பதினைந்து பதினாறு வயதில் ஒரு பெண். அம்மாவின் விரல் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

"இந்த ஆல்பம் போட்டது நீங்கதானே?"

"ஆமாங்க" என்றேன், முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு. "சும்மா, டைம் கெடைக்கறப்ப பண்ணிக்கினு இருக்கேன்."

"ரொம்ப நல்லா இருக்குது. மயிலெல்லாம் உசிரோட இருக்கற மாதிரி இருக்குது." கொஞ்சம் தயங்கினார். "இதுல நான் எங்க இருக்கேன்னு தெரியலைங்க. கொஞ்சம் காட்டுறீங்களா?"

நான் ஆல்பத்தை வாங்கி, நிபுணனைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நடு வரிசையில் ஒரு முகத்தைத் தொட்டேன். "இது நீங்கதானே?"

"அது பார்வதிங்க. அதோ, சாப்பிட்டுக்கினு இருக்குது பாருங்க."

"அப்ப இது?"

"அது சயின்ஸ் டீச்சருங்க."

கூட வந்த பெண் களுக்கென்று சிரித்தாள். "விடும்மா. நீ படிக்கவே இல்ல. சும்மா சொல்லிக்கினு இருந்த."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. ஆல்பத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கி, இன்னொரு தடவை இந்த மயிலிலிருந்து அந்த மயில்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பெயர் சூர்யகலா என்றார். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். பத்தாவது படிக்கிற வரைக்கும் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாராம். கடைசிக்கு முந்தின பெஞ்ச். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் எவ்வளவோ முயன்றும், என் நினைவில் அந்தப் பெஞ்சில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"நீங்க வெட்டுப்படலைங்க" என்றேன் அவசரமாக. "மறைஞ்சிருக்கீங்க. இந்த ஃப்ரேமுக்குப் பின்னாடி இருக்கீங்க. என் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கீங்க."

"நானா?"

"ஆமாங்க. ஃபைல்ல."

அவர் ஆல்பத்தின் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பாவம், வேறு என்ன செய்வார்?

முருகையன் நடுவில் வந்து, "அதுக்கென்னாங்க, இப்ப எல்லாரும் சேர்ந்து புது ஃபோட்டோ எடுக்கப் போறோம், நடுவுல நில்லுங்க" என்றான்.

"நிக்கறேங்க" என்றார் சூர்யகலா. "ஆனா அந்த ஃபோட்டோவுலதான் நான் ஸ்கூல் புள்ளையா இருக்கேன்."

சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிஷ வேலை என்று சொல்லியிருந்தேன். மரக்காணம் பஸ்ஸை ஐந்து மணிக்குப் பிடிக்க வேண்டும் என்றார்கள், மணி இரண்டரைதான். கம்ப்யூட்டரைப் போட்டேன். ஃபைல் பாதி திறந்தது. கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். பெட்டி கொஞ்ச நேரம் கீங் கீங் என்று கத்திவிட்டு அதுவும் அடங்கியது.

அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன கரண்ட்டுக்கு வருகிற நேரம் தெரியாது.

என் மனைவி சங்கவி வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், முறத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். என்ன விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க பரவால்லக்கா" என்றாள். "எங்க கல்யாண ஃபோட்டோவ இவரு மாத்தினாரு பாருங்க, அதுல எங்க அப்பா அம்மா ரோஜாப்பூவுக்குப் பின்னாடி இருக்காங்க. கேட்டா, இருக்காங்க, இருக்காங்கன்றாரு. வர்றவங்கள்லாம் உனக்கு அப்பா அம்மா இல்லியாம்மான்றாங்க."

"அது டிசைனு" என்றேன்.

"சும்மா இருங்க."

சூர்யகலா கொஞ்சம் சிரித்தார். மல்லாட்டையை உரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். இதே ஃபோட்டோ அவரிடம் ஒன்று இருந்ததாம். அத்தை வாங்கிக் கொடுத்தது. பத்தாவது பாஸ் செய்த அடுத்த தை மாசமே கல்யாணம். புகுந்த வீட்டுக்குப் பெட்டியில் கொண்டுபோன ஃபோட்டோ அது ஒன்றுதான்.

"சுனாமியில எல்லாம் போயிடுச்சு. ஆளுங்க தப்பிச்சோம், அது போதும்னு இருந்தோம். ஃபோட்டோவ யாரு நெனைச்சா? மார்க் ஷீட்டும் தண்ணியோட போச்சு. இவ இந்த வருஷம் பத்தாவது எழுதியிருக்கா. பரிச்சைக்கு முந்தி ஒரு நாளு, படிடி படிடின்னு சொல்லிக்கினு இருந்தேன். 'நீ என்னா படிச்ச, உனக்கு என்னா தெரியும், ஸ்கூல் வாசலையாவது பார்த்திருக்கியா'ன்னுட்டா."

"கோவத்துல சொன்னேம்மா" என்றாள் மகள் பவித்ரா, முறத்தையே பார்த்துக்கொண்டு.

"கோவத்துலதான் சொன்னா. நானும் பதில் சொல்லலாம்னுதான் பார்த்தேன். காட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. அப்பறந்தான் முருகையன் ஃபோன் பண்ணாரு, பழைய குரூப் ஃபோட்டோ வச்சு ஆல்பம் போடறோம், வாங்கன்னு. எப்படியாவது இவளைக் கூட்டிக்கினு வந்து காட்டிடணும்னு வந்தேன்."

நான் உரித்த மல்லாட்டையை முறத்திலேயே திரும்பப் போட்டேன். இப்படிப்பட்ட நேரத்தில் சட்டம் போடுகிறவன் என்ன நினைப்பான் தெரியுமா? இந்தக் கதைக்குக் கடல் அலை போட்ட டெம்ப்ளேட் ஒன்று இருக்கிறதே என்று நினைப்பான். நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது. எல்லாரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஃபைல் திறந்தது. தங்க வளைவு, மயில்கள், ரோஜா, நட்சத்திரத் தூள், மொத்தம் நாற்பத்தேழு அடுக்கு. ஃபோட்டோ இருக்கும் அடுக்கைப் பிடித்து மெல்ல வலது பக்கம் இழுத்தேன். இடது மயிலின் தோகைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது, ஒரு தோள் வந்தது, தாவணியின் ஓரம் வந்தது.

"அதான்! அதான்! இன்னும் இழுங்க!" என்றார் சூர்யகலா.

இன்னும் இழுத்தேன். மூன்று பேர் வெளியே வந்தார்கள். நடு வரிசையில் இரண்டு பெண்கள், அவர்களுக்கு மேலே பெஞ்சில் ஒரு பையன்.

பவித்ரா அம்மாவைப் பார்க்கவில்லை. வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், இங்க ஓரமா ஒருத்தர் நின்னுக்கினு இருந்தாரே, நெறைய முடி வச்சிக்கினு? அவரு உள்ள போயிட்டாரு."

"யாரோ" என்றேன்.

"இவர்தான்" என்றாள் சங்கவி.

உண்மைதான். அது நான்தான். பின்வரிசையில் வலது ஓரம், நெற்றியில் அலை அலையாக முடி விழ, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நிற்பவன். எனக்கு அப்படி முடி இருந்தது என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ஃபோட்டோ. என் மனைவியே அதுவரை நம்பவில்லை. ஆல்பம் செய்தபோது ஃபோட்டோவை நான் இடது பக்கம் தள்ளியது கலை நோக்கிலா என்று இப்போது கேட்டால், இல்லை. முதலில் நடுவில்தான் வைத்தேன். வைத்தபோது என் தலை பாதி வலது மயிலுக்குள் போயிற்று. கொஞ்சம் தள்ளினேன். முடி முழுக்கத் தெரிகிற வரைக்கும் தள்ளினேன். அந்தப் பக்கம் யார் போகிறார்கள் என்று பார்க்கவே இல்லை. ஃப்ரேமுக்குப் பின்னாடி இருக்கீங்க என்று மண்டபத்தில் சட்டத்தின்மேல் பழியைப் போட்டேன் அல்லவா? சட்டத்துக்கு என்ன தெரியும்? அதற்குக் கண்ணா இருக்கிறது?

காதெல்லாம் சுட்டது. அப்போதும் திருந்தாமல், எல்லாரையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று ஃபோட்டோவைப் பக்கவாட்டில் நெருக்கினேன். முப்பத்திரண்டு பேரும் ஆசிரியர்களும் தென்னை மரமாக நீண்டார்கள்.

"ஐயையோ, சார்லாம் பேய் மாதிரி ஆயிட்டாங்க" என்றார் சூர்யகலா.

"ஏங்க" என்றாள் சங்கவி. "அந்த ஃப்ரேமை எடுத்துட்டா என்னா?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் ஆயிரம் டெம்ப்ளேட்டாவது போட்டிருப்பேன். சட்டம் இருக்கும் அடுக்கை ஒரு தடவைகூட அணைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும்; அதைத் தட்டினால் அந்த அடுக்கு மறைந்துவிடும். முதலில் மயிலைத் தட்டினேன். பிறகு ரோஜா, நட்சத்திரத் தூள். கடைசியாகத் தங்க வளைவு.

பள்ளிக்கூடச் சுவர் தெரிந்தது. காரை பெயர்ந்த சுவர். ஒரு ஓரத்தில் யாருடைய சைக்கிளோ. முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

சூர்யகலா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். தனக்குப் பெரிதான ஒரு தாவணியில், இரட்டை ஜடையில், மெல்லிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"அம்மா!" என்று கத்தினாள் பவித்ரா. "கண்ணை மூடிக்கினு நிக்கற!"

"வெயிலுடி. மூஞ்சிக்கு நேரா அடிச்சுது. கண்ணைத் தெறங்க தெறங்கன்னு அந்த ஃபோட்டோக்காரரு கத்திக்கினே இருந்தாரு."

"உன்னாட்டம்தான் நிக்கறாங்க பாரு" என்றாள் சங்கவி. பவித்ரா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அவளும் அதே மாதிரி ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மற்ற காலைக் கொஞ்சம் மடக்கித்தான் நின்றிருந்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

நான் கனைத்துக்கொண்டேன். "கண்ணை வேணும்னா தெறந்து விட்டுடறேங்க. பார்வதி கண்ணை எடுத்து இதுல வச்சா—"

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மௌஸை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

ஒரு பிரிண்ட் எடுத்தேன். என் பிரிண்டரில் நீல மை தீர்ந்திருந்ததால் எல்லாருக்கும் முகம் லேசாகச் சிவந்திருந்தது. சூர்யகலா அதைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் வாங்கினார். மடங்காமல் இருக்க சங்கவி பழைய காலண்டர் அட்டை ஒன்றை அடியில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். ஆட்டோவில் ஏறும்போது, "குடும்மா, பஸ்ல நான் வச்சிக்கினு வர்றேன்" என்று பவித்ரா கேட்பது காதில் விழுந்தது. அம்மா கொடுத்தாரா என்று பார்ப்பதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். உள்ளே வந்து கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது, சூர்யகலாவுக்கு மேலே பெஞ்சின் ஓரத்தில் நிற்கும் பையனைப் பார்த்தேன். ராயப்பன். சூர்யகலாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் பம்பாய்க்குப் போனவள், சந்திப்புக்கு வரவில்லை. ஆனால் ராயப்பன் வந்திருந்தான். செஞ்சி ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். அன்று பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடி ஓடிப் பரிமாறியவன் அவன்தான். ஆல்பத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சூப்பர்டா" என்று சொன்னவனும் அவன்தான். மூன்றாம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரயில் இறங்கியதும், இன்னொரு பிரிண்டை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கையைத் துணியில் துடைத்து, போதாதென்று சட்டையிலும் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரத்தில் பிடித்து வாங்கினான். தேடவே இல்லை, நேராகத் தன்னைப் பார்த்தான்.

"இருக்கேனா நானு!" என்றான்.

"ஃப்ரேமுக்குப் பின்னாடி போயிட்டடா. நான்தான் சரியா வைக்கல. நீ ஏன் கேக்கல?"

"எங்க கேக்கறது? அன்னிக்கு நான் ஸ்கூலுக்கு வரல போலன்னு நெனச்சுக்கினேன்" என்றான் ராயப்பன். "அப்பப்ப கட் அடிப்பேனே. ஓரமா நின்ன மாதிரிதான் ஞாபகம் இருந்துச்சு. ஆல்பத்துல இல்லன்னதும், சரி, நாமதான் தப்பா நெனச்சுக்கினு இருக்கோம்னு விட்டுட்டேன்."

அப்புறம் டீ சொன்னான். எனக்கு அந்த டீயைக் குடிக்க வெகுநேரம் பிடித்தது.

மூன்றாம் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சடித்து எல்லாருக்கும் அனுப்பலாம் என்று முருகையனிடம் சொன்னேன். "எதுக்குடா பேஜாரு? எவனும் பார்க்கல, விடு" என்றான். அவன் சொன்னது சரிதான், எவனும் பார்க்கவில்லை. அதனால்தான் அனுப்பினேன். மயிலில்லாமல், தங்கமில்லாமல், காரை பெயர்ந்த சுவரோடு. வந்து சேர்ந்ததாக இரண்டு பேர் ஃபோன் செய்தார்கள். இரண்டு பேருமே முன்னால் இருந்ததுதான் அழகு என்றார்கள்.

நான் திருந்திவிட்டேனா என்று கேட்காதீர்கள். இந்த இனத்தில் யாரும் திருந்தியதாகச் சரித்திரம் இல்லை. போன வாரம்கூட ஒருவரின் வளைகாப்புக்குத் தாமரைக் குளம் போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு வித்தியாசம், இப்போதெல்லாம் ஃபோட்டோவைச் செருகுவதற்கு முன்னால் தலைகளை எண்ணுகிறேன். செருகிய பிறகும் எண்ணுகிறேன். கணக்கு இடித்தால், சங்கவியைக் கூப்பிடுகிறேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள், சந்தோஷம். நமக்குக் கம்ப்யூட்டரே ஓடாது, டெம்ப்ளேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை, நாம் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று ஒரு நிம்மதி இருக்கும். இருக்கட்டும். ஒரு நாள் சாவகாசமாக உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் புரட்டுங்கள். ஏதோ ஒரு படம் மற்றப் படங்களைவிட அகலம் குறைவாக இருக்கும். அதன் ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை மட்டும் எட்டிப் பார்க்கும். அது யாருடைய முழங்கை என்று வீட்டில் யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். உங்களுக்கே தெரியும். கத்தரிக்கோலை அன்றைக்கு எந்த அலமாரியிலிருந்து எடுத்தீர்கள் என்பதும்.